ஊருக்கு புதுசா சபை ஊழியத்துக்கு வர்ற பாஸ்டரை பழகி தெரிஞ்சுக்கறது எப்படி

எங்க வேலூர் பக்கம், காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம், அணைக்கட்டு எல்லாத்தையும் சேர்த்துதான் சொல்றேன், புதுசா ஒரு பாஸ்டர் வந்து இறங்கறது அடிக்கடி நடக்கற விஷயம். திருநெல்வேலி, நாகர்கோவில்ல இருந்து வருவாங்க, சித்தூர் பக்கம் இருந்து தெலுங்கு பேசிகினு வருவாங்க, கேரளால இருந்து வருவாங்க, எப்பவாவது வெளிநாட்டுல இருந்தும் வருவாங்க. கர்த்தர் இந்த ஊரை பத்தி தரிசனம் குடுத்திருக்காரு, இங்க ஒரு சபை ஸ்தாபிக்கணும்னு சொல்லுவாங்க, யாரோ ஒருத்தர் வீட்டு மாடியில பந்தல் போட்டு ஜெபக்கூட்டம் ஆரம்பிக்கும். நாம புதுசா விசுவாசத்துக்கு வந்தவங்களா இருந்தாலோ, முதல் தடவை நம்ம வீட்டுல கூட்டம் வைக்கறோம்னாலோ ஒரே பதட்டமா இருக்கும். எப்படி பேசறது, என்ன கேட்கலாம், கேட்டா தப்பா நினைப்பாரா, இவரை நம்பலாமா. நிறைய பேர் என்கிட்ட இதையே கேட்கறதால மொத்தமா எழுதி வைக்கிறேன். பதினாலு வருஷமா எங்க வீட்டு மாடி ரூம்ல ஊழியக்காரங்க வந்து தங்கிட்டு போறாங்க, அதுல பார்த்து பழகினதுதான் இது எல்லாம்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். மைக் புடிச்சு பேசறதை வச்சு ஆளை முடிவு பண்ணாதீங்க. அழகா பிரசங்கம் பண்ணி நெஞ்சுல ஒண்ணும் இல்லாதவங்களையும் பார்த்திருக்கேன், மேடையில திக்கி திக்கி பேசி வீட்டுக்கு வந்தா அப்படியே மனசுல உட்கார்ந்துட்ட ஊழியக்காரங்களையும் பார்த்திருக்கேன். ஒரு சாப்பாடு, ஒரு ஆஸ்பத்திரி விசிட், ஒரு பஸ் பயணம், இது மூணும் அவரோட இருந்து பார்த்தீங்கன்னா பத்து கன்வென்ஷன் கேட்டாலும் தெரியாதது தெரிஞ்சுடும்.

முதல்ல எப்படி கூப்பிடறதுன்னு பார்த்துக்கலாம், ஏன்னா இதுலயே பாதி பேர் தயங்கி பின்னாடி நின்னுடறாங்க. சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) சபைன்னா ஆயர், ஐயர்னு சொல்லுவாங்க, நேர்ல ஐயான்னு கூப்பிட்டா போதும். கத்தோலிக்கர்னா ஃபாதர். பெந்தெகொஸ்தே, ஏஜி (அசெம்பிளிஸ் ஆஃப் காட்), தனி சபைங்கன்னா பாஸ்டர், சின்ன வயசுக்காரரா இருந்தா பிரதர்னும் கூப்பிடுவாங்க. அவரோட வீட்டம்மா வந்திருந்தா பாஸ்டரம்மா, கொஞ்சம் பழகின பிறகு அக்கா. பாஸ்டர்கிட்ட ஸ்தோத்திரம் பாஸ்டர்னு சொன்னா போதும். நீங்க இன்னும் விசுவாசி இல்ல, சும்மா தெரிஞ்சுக்கலாம்னு வந்திருக்கீங்கன்னா வணக்கம்னே சொல்லுங்க, நல்ல ஊழியக்காரர் யாரும் அதுக்கு முகம் சுளிக்க மாட்டாங்க. சந்தேகமா இருந்தா உங்களை எப்படிங்க கூப்பிடறதுன்னு நேராவே கேட்டுடலாம்.

அடுத்தது, அவர்கிட்ட போறதுக்கு முன்னாடி நம்ம ஊரோட கதை கொஞ்சம் தெரிஞ்சுக்கணும், இதை நான் ரொம்ப அழுத்தி சொல்றேன். வெளியூர்ல இருந்து வர்ற சில பேர் இது இருண்ட பிரதேசம், இங்க யாருமே சுவிசேஷம் சொன்னதில்லன்னு ஆரம்பிப்பாங்க. கேட்கறப்ப நமக்கும் உருக்கமாத்தான் இருக்கும். ஆனா நம்ம பக்கம் அப்ப வட ஆற்காடுன்னு இருந்தப்ப, 1853லயே அமெரிக்கன் ஆற்காடு மிஷன் ஆரம்பிச்சாச்சு, ஸ்கடர் குடும்பத்து அண்ணன் தம்பிங்க ஊர் ஊரா போய் பள்ளிக்கூடமும் மருந்தும் சபையுமா நின்னவங்க. வேலூர் கோட்டைக்குள்ள இருக்கற செயின்ட் ஜான்ஸ் சர்ச் அதுக்கும் முன்னாடி, 1846. ஊரீசு கல்லூரி 1898. அதே குடும்பத்து ஐடா ஸ்கடர் அம்மா 1900ல ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு சிஎம்சி ஆஸ்பத்திரி. ஆம்பூர் பக்கம் லுத்தரன் சபை பல தலைமுறையா இருக்கு, கத்தோலிக்க வேலூர் மறைமாவட்டம் 1952ல வந்தது, சிஎஸ்ஐ வேலூர் பேராயம் 1976ல தனியா பிரிஞ்சது. இவ்வளவு பேர் உழுத நிலம் இது. அதனால அவர்கிட்ட நீங்க கேட்க வேண்டிய முதல் கேள்வியே, "ஐயா, இந்த ஊர்ல ஏற்கெனவே இருக்கற சபைங்களை பார்த்தீங்களா, அங்க இருக்கற ஆயர்கிட்ட பேசினீங்களா?" இதுதான். மத்தவங்க போட்ட அஸ்திவாரத்து மேல நான் கட்ட மாட்டேன்னு பவுல் ரோமர் 15:20ல எழுதி இருக்காரு. அதை மனசுல வச்சு ஊழியம் செய்யறவர், சபையே இல்லாத குக்கிராமத்தை, ஜவ்வாது மலைக்கு போற வழியில இருக்கற ஊர்ங்களை தேடி போவாரு. பக்கத்து சபையில இருந்து ஆளை இழுத்து ஞாயித்துக்கிழமை கூட்டம் காட்டறதுக்கு நம்ம பக்கம் ஆடு திருடறதுன்னுதான் பேரு. அதை சபை ஸ்தாபிக்கறதுன்னு சொல்லக்கூடாது.

சபை ஸ்தாபிக்கற வேலை எப்படி நடக்கும்னு தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. பெரும்பாலும் ஒரு வீட்டு ஜெபத்துல ஆரம்பிக்கும், வாரத்துல ஒரு நாள் சாயங்காலம் பத்து பேர். அப்புறம் ஞாயிறு ஆராதனை, வாடகைக்கு ஒரு ஹால், அப்புறம் ஞானஸ்நானம், திருவிருந்து, பொறுப்புக்கு உள்ளூர் ஆளுங்க. கடைசியிலதான் இடம், கட்டிடம். வந்த ரெண்டாவது வாரமே இடம் வாங்கணும்னு பேசறவரை பார்த்தா கொஞ்சம் நிதானிச்சுக்கோங்க.

இப்ப பழகற விஷயத்துக்கு வர்றேன். கூட்டம் முடிஞ்ச உடனே ஜெபத்துக்கு லைன்ல நின்னு ரெண்டு நிமிஷம் பேசினா அது பழக்கம் ஆகாது. அவர் களைச்சு போய் இருப்பாரு, பின்னாடி முப்பது பேர் நிப்பாங்க. மறுநாள் பகல்ல வீட்டுக்கு கூப்பிடுங்க. பெருசா எதுவும் செய்ய வேணாம், பிரியாணி போட்டு பயமுறுத்த வேணாம், நாம என்ன சாப்பிடறோமோ அதை குடுங்க.

எங்க அம்மா வீடு அணைக்கட்டு பக்கம். ஒரு தடவை நாகர்கோவில் பக்கத்து பாஸ்டர் ஒருத்தரை அங்க கூட்டிகினு போனேன். அன்னைக்கு வீட்டுல கேழ்வரகு களியும் முள்ளு கத்திரிக்கா காரக்குழம்பும்தான், இலவம்பாடி கத்திரிக்கா, அதுக்கு 2023ல புவிசார் குறியீடுகூட கிடைச்சுது. எனக்கு உள்ளுக்குள்ள சங்கடம், அரிசி சோறு வச்சிருக்கலாமேன்னு. அவர் தட்டை பார்த்துட்டு எங்க அம்மாவை பார்த்து, "இதை எப்படிம்மா சாப்பிடணும், சொல்லி குடுங்க"ன்னாரு. அம்மா பக்கத்துல உட்கார்ந்து உருண்டை நடுவுல குழி பண்ணி குழம்பை ஊத்தி, சின்னதா கிள்ளி தொட்டு அப்படியே முழுங்கணும், மெல்லக்கூடாது சாமின்னு காட்டினாங்க. முதல் வாய் தொண்டையில நின்னுச்சு, தண்ணி குடிச்சாரு, மறுபடி கிள்ளினாரு. முழு உருண்டையும் சாப்பிட்டாரு. சாப்பிட்டு முடிச்சு ஒரு மணி நேரம் அம்மா பேசினாங்க, அப்பா எப்படி இறந்தாரு, தம்பி மகன் கால் உடைஞ்சு கட்டு போட்டுகினு கிடக்கறது, வீட்டு பசு செனை புடிக்க மாட்டேங்குது, எல்லாம். அவர் நடுவுல ஒரு வசனம்கூட சொல்லல, கேட்டுகினே இருந்தாரு. சட்டை பாக்கெட்ல இருந்து ஒரு குட்டி டைரி எடுத்து பேர் மட்டும் எழுதிகினாரு. ஜெபம் பண்ணப்ப பையனோட பேரும் இருந்துச்சு, அந்த பசுவையும் விடல. நாலு மாசம் கழிச்சு வேலூர் புது பஸ் ஸ்டாண்டுல என்னை பார்த்தவர் முதல்ல கேட்டது, "தம்பி மகனுக்கு கட்டு பிரிச்சாச்சா?" அவரோட பிரசங்கம் ஒண்ணுகூட எனக்கு இப்ப ஞாபகம் இல்ல, அந்த கேள்வி ஞாபகம் இருக்கு. எங்க அம்மா இன்னைக்கும் என்கிட்ட "அந்த சாமி எப்படி கீறாரு"ன்னு கேட்பாங்க.

சாப்பாடு முடிஞ்ச பிறகு நிதானமா உங்க கேள்விங்களை கேளுங்க. கேட்கறதுல மரியாதை குறைவு ஒண்ணும் இல்ல, பெரோயா ஊர்க்காரங்க பவுல் சொன்னதையே தினமும் வேதத்துல பார்த்து சரி பார்த்தாங்கன்னு அப்போஸ்தலர் 17:11ல பாராட்டித்தான் எழுதி இருக்கு. உங்களை அனுப்பின சபை எது, யார் உங்களுக்கு அபிஷேகம் பண்ணி வச்சாங்க, வேதாகம கல்லூரி படிச்சீங்களா, நீங்க தப்பு பண்ணா உங்களை கூப்பிட்டு கேட்கற பெரியவங்க யாரு, குடும்பம் எங்க இருக்கு, பிள்ளைங்க என்ன படிக்கறாங்க. இதுல ரொம்ப முக்கியம் அந்த கேட்கற பெரியவங்க விஷயம். எனக்கு மேல கர்த்தர் மட்டும்தான்னு ஒருத்தர் சொன்னா அது கேட்க நல்லா இருக்கும், ஆனா பயமான பதில் அது. நல்லவர்னா ஒரு பேரும் ஒரு போன் நம்பரும் குடுப்பாரு. அந்த நம்பருக்கு கூப்பிட்டு பேசுங்க, சும்மா வாங்கி வச்சுக்காதீங்க. குணத்துக்கு என்ன பார்க்கணும்னா 1 தீமோத்தேயு 3ம் அதிகாரம் முதல் ஏழு வசனம், அதுல பேச்சு திறமை பத்தி இருக்கறது ஒரே ஒரு வார்த்தை, போதக சமர்த்தன்னு. மீதி எல்லாம் குடும்பம், கோபம், பணம், குடி, வெளியாள்கிட்ட நல்ல பேர்.

இன்னொரு கேள்வி வேலூர்க்காரங்க கட்டாயம் கேட்டே ஆகணும், வைத்தியம் மருந்து பத்தி அவர் என்ன சொல்றாருன்னு. எங்க அத்தைக்கு நடந்ததால சொல்றேன். வெளியூர்ல இருந்து வந்த ஒருத்தர் கை வச்சு ஜெபம் பண்ணிட்டு, விசுவாசம் இருந்தா சுகர் மாத்திரையை நிறுத்துங்கன்னாரு. அத்தை நிறுத்திட்டாங்க, எங்க யார்கிட்டயும் சொல்லல. கால்ல ஒரு சின்ன புண்ணு, செருப்பு கடிச்சது, அது ஆறவே இல்ல. ஆஸ்பத்திரிக்கு தூக்கிகினு போனப்ப ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாச்சு. அப்ப அவர் வேற ஊருக்கு போயிட்டாரு, போன் எடுக்கல. அத்தை அவரை இன்னும் திட்டினதில்ல, நான்தான் தாங்க முடியாம அழுதேன். ஐடா ஸ்கடர் அம்மா ஏன் டாக்டருக்கு படிச்சாங்க, ஒரே ராத்திரியில மூணு பெண்கள் பிரசவத்துல வைத்தியம் கிடைக்காம செத்ததை பார்த்துத்தான், அதை தேவனோட அழைப்புன்னு அவங்க எடுத்துகினாங்க. அந்த அம்மா வாழ்ந்த ஊர்ல வந்து மருந்து அவிசுவாசம்னு ஒருத்தர் பேசினா, எவ்வளவு பெரிய வரம் உள்ளவரா இருந்தாலும் எழுந்து வந்துடுங்க. ஜெபமும் பண்ணுங்க மாத்திரையும் போடுங்கன்னு சொல்றவர்தான் நமக்கு வேணும்.

ஆஸ்பத்திரி விசிட் சொன்னேனே, அதுக்கு அவரை கூப்பிடுங்க. உங்க சொந்தக்காரங்களோ பக்கத்து வீட்டுக்காரங்களோ யாராவது எப்பவும் அட்மிட் ஆகித்தான் இருப்பாங்க. விசிட்டிங் நேரம் கேட்டுட்டு போங்க. வார்டுல சத்தம் போடாம, நோயாளியோட சம்மதம் கேட்டு, மெதுவா ரெண்டு நிமிஷம் ஜெபம் பண்றாரா, இல்ல பக்கத்து கட்டில் எல்லாம் திரும்பி பார்க்கற மாதிரி பண்றாரா, அதுலயே மனுஷன் தெரிஞ்சுடுவாரு. நம்ம ஊர் ஆஸ்பத்திரி வாசல்ல வங்காளத்துல இருந்தும் வடகிழக்குல இருந்தும் வந்து பாஷை தெரியாம நிக்கறவங்க எத்தனையோ பேர், அதுல ஒருத்தருக்கு வழி காட்டறாரான்னு பாருங்க.

அப்புறம் காலனி. இதை யாரும் எழுத மாட்டாங்க, நான் எழுதறேன். நம்ம மாவட்டத்துல ஊர் தனி காலனி தனியாத்தான் இன்னும் இருக்கு, சபைக்குள்ளயும் அது எட்டி பார்க்குது. வந்திருக்கற பாஸ்டர் காலனிக்குள்ள வந்து பீடி சுத்தற அக்கா பக்கத்துல அதே பாய்ல உட்காருறாரா, அவங்க குடுக்கற சொம்புல தண்ணி குடிக்கறாரா, இல்ல நான் இப்பதான் குடிச்சேன்னு சொல்லி கார்ல இருக்கற பாட்டிலை தேடறாரா. ஒரே ஒரு தடவை பார்த்தா போதும். சாதி பேரை ஜாடையா விசாரிக்கறவரையும் கவனிச்சுக்கோங்க, "உங்க சொந்த ஊர் எந்த பக்கம், எந்த தெரு"ன்னு ஆரம்பிப்பாங்க.

பணம். வர்றவருக்கு வழிச்செலவு குடுக்கணும், அதுல கஞ்சத்தனம் வேணவே வேணாம். ராத்திரி முழுக்க பஸ்ல உட்கார்ந்து வந்தவருக்கு டிக்கெட் காசு, பிள்ளைங்களுக்கு ஏதாவது வாங்கிகினு போக கொஞ்சம், கவர்ல போட்டு ரெண்டு கையால குடுங்க. ஆனா அவரா கேட்கறது வேற. இவ்வளவு காணிக்கை போட்டா இவ்வளவு ஆசீர்வாதம்னு கணக்கு சொல்றது, சாட்சி சொல்ல வச்சு உடனே பையை சுத்தறது, நகையை கழட்ட சொல்றது, இது எதுக்கும் தலையாட்டாதீங்க. "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்"னு மத்தேயு 10:8ல ஆண்டவர் சொன்னது ஊழியக்காரங்களைத்தான் பார்த்து. ஆதி சபைக்கும் இதே பிரச்சனை இருந்திருக்கு, திதாகேன்னு ரொம்ப பழைய ஒரு போதனை நூல்ல ஊர் ஊரா வர்ற ஊழியக்காரரை கர்த்தரை போல ஏத்துக்கோங்க, ஆனா ஒரு நாள், தேவைப்பட்டா ரெண்டு நாள், மூணாவது நாளும் உட்கார்ந்துகினாலோ போறப்ப பணம் கேட்டாலோ அவன் கள்ள தீர்க்கதரிசின்னு எழுதி வச்சிருக்காங்க. நான் மூணு நாள் கணக்கு எல்லாம் பார்க்கறதில்ல, மாசக்கணக்கா தங்கினவங்க இருக்காங்க. பணம் கேட்கறதை மட்டும் பார்ப்பேன். சபைக்குன்னு குடுக்கறதா இருந்தா டிரஸ்ட் பேர்லயோ சங்கப் பதிவு பேர்லயோ இருக்கற அக்கவுண்ட்ல போட்டு ரசீது வாங்குங்க, தனி ஆள் ஜிபே நம்பருக்கு போடறது வழிச்செலவோட நிக்கட்டும்.

வெளிநாட்டுக்காரரா இருந்தா சில விஷயம் கூடுதலா இருக்கு, தெரியாம போய் மாட்டிக்காதீங்க. டூரிஸ்ட் விசாவுல வந்து மேடை போட்டு பிரசங்கம் பண்ண அனுமதி இல்ல, மிஷனரி விசான்னு தனியா இருக்கு. உங்க வீட்டுல தங்க வச்சா 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல தெரிவிக்கணும், ஃபார்ம் சின்னு எல்லாரும் சொல்றது அதைத்தான். அவர் வெளிநாட்டு பணம் சபைக்கு அனுப்பறேன்னு சொன்னா எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாம ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது, பதிவு இருந்தாலும் டெல்லி மெயின் பிராஞ்ச் ஸ்டேட் பேங்க் அக்கவுண்ட் வழியாத்தான் வரணும், 2020 திருத்தத்துல இருந்து அப்படி. போட்டோ விஷயமும் இருக்கு. நம்ம பிள்ளைங்களை அழுக்கு சட்டையோட நிக்க வச்சு போட்டோ எடுத்துகினு போறதுக்கு விடாதீங்க, முதல்ல கேட்டுட்டு எடுக்க சொல்லுங்க. மொழிபெயர்க்கறவர் நல்லவரா அமைஞ்சா பாதி பழக்கம் அவர் மூலமா வந்துடும், அவரையும் சாப்பாட்டுக்கு உட்கார வைங்க, பல வீட்டுல மறந்துடறாங்க.

பொம்பளைங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. ஜெபத்துக்கு, ஆலோசனைக்கு தனியா போகாதீங்க. கூட ஒரு அக்காவையோ மாமியாரையோ கூட்டிகினு போங்க, பாஸ்டரம்மா இருந்தா அவங்ககிட்டயே பேசுங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல மெசேஜ் பண்ற ஊழியக்காரர்கிட்ட பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்ல. நல்லவர் அவரே கதவை திறந்து வச்சுத்தான் உட்காருவாரு.

வீட்டுல கூட்டம் வைக்கறீங்கன்னா அக்கம்பக்கத்துக்கு நீங்களே போய் சொல்லிடுங்க, அவரையும் கூட்டிகினு போய் அறிமுகம் பண்ணுங்க, எதிர் வீட்டு தாத்தா கோயில் தர்மகர்த்தாவா இருந்தாலும் பரவால்ல, அவருக்கும் ஒரு டீ. மதத்தை பின்பற்றவும் பரப்பவும் அரசியல் சட்டம் 25வது பிரிவுல உரிமை இருக்கு, ஆனா வெளியில ஸ்பீக்கர் வைக்கணும்னா போலீஸ் அனுமதி வாங்கணும், ராத்திரி 10 மணியில இருந்து காலையில 6 வரைக்கும் ஸ்பீக்கர் கூடவே கூடாது. ஞானஸ்நானம் எடுக்கறேன்னு முடிவு பண்ற எஸ்சி குடும்பங்க சர்டிபிகேட் விஷயத்தை முன்னாடியே தெரிஞ்சுக்கணும், 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரா மாறினா எஸ்சி தகுதி போயிடும், தமிழ்நாட்டுல பிசி பட்டியல்ல வரும். இதை மறைக்காம முன்னாடியே உட்கார வச்சு சொல்ற பாஸ்டரை நம்பலாம். முழுகின பிறகு பார்த்துக்கலாம்னு சொல்றவரை நம்பி பிள்ளைங்க காலேஜ் அட்மிஷனை சிக்கல்ல விடாதீங்க.

எவ்வளவு நாள் ஆகும்னு கேட்பீங்க. ஒரு கூட்டத்துல ஆகாது, எனக்கு தெரிஞ்சு குறைஞ்சது மூணு மாசம். யார்மேலயும் அவசரமா கை வைக்காதேன்னு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினது மூப்பர்களை ஏற்படுத்தற விஷயத்துல, நாம ஒருத்தரை நம்ம போதகரா ஏத்துக்கறதுக்கும் அந்த நிதானம் வேணும். அதுவரைக்கும் உங்க பழைய சபையை விட்டுடாதீங்க, அங்க இருக்கற ஆயர்கிட்ட இந்த மாதிரி ஒருத்தர் வந்திருக்காரு, பழகிகினு இருக்கோம்னு சொல்லி வைங்க.

அவர் ஊருக்கு கிளம்பற அன்னைக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட போங்க. புளி சோறு கட்டி குடுங்க, ராத்திரி பஸ்ல கெட்டு போகாது. உங்க வீட்டுல யாருக்காக ஜெபம் வேணுமோ அந்த பேரை எல்லாம் ஒரு தாள்ல எழுதி குடுங்க, அவர் வீட்டு பிள்ளைங்க பேரையும் கேட்டு உங்க பைபிள்ல எழுதிக்கோங்க. பத்து நாள் கழிச்சு நீங்களே ஒரு போன் போட்டு, "ஐயா நல்லபடியா போய் சேர்ந்தீங்களா, சின்னவன் பரிட்சை எப்படி எழுதினான்"னு கேளுங்க.